குழாயின் சட்டையைக் கழற்றிய கதை

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பேத்தி எஞ்சினியராக இருக்கும் வாயுத் தொழிற்சாலையில் என் துப்புரவு வேலை நன்றாகவே போகிறது. திங்கட்கிழமை மட்டும் ஒரு சின்னக் கூத்து. பெரிய அதிகாரி வருகிறாரே என்று, முந்தின நாள் பம்ப் ஓடாத நேரத்தில் ஒரு குழாயைச் சுற்றியிருந்த அழுக்கு உறையைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டேன். மறுநாள் பம்பை ஓட்டினால் உள்ளே ஜல்லியை அரைப்பதுபோல் சத்தம்!

அதிகாரி பேத்தியிடம், "உன் வேலையை நிரந்தரமாக்கலாமான்னு பார்க்க வந்தேன். ரொம்ப நல்லாருக்கும்மா!" என்றார்.

அவள் பதறவில்லை. பம்பை நிறுத்தினாள். வடிகட்டியைப் பார்த்தாள், தொட்டியின் அளவைப் பார்த்தாள், கடைசியில் வெறுங்குழாயைப் பார்த்தாள்.

"இதோட சட்டையை யாரு கழட்டினது?"

"நான்தான்டி. அழுக்கு ஒரு வண்டி இருந்துச்சு."

"ஐயோ பாட்டி! உள்ள ஓடுறது வாயுவைக் குளிரவச்சு ஆக்கின திரவம், பனிக்கட்டியை விடக் குளிர்ச்சி. வெளிக்காத்தோட சூடு பட்டாலே அது கொதிச்சிடும். அந்தக் குமிழி பம்புக்குள்ள போய் உடைஞ்சா இரும்பையே தின்னுடும்!"

எல்லார் முன்னாலும் அரை மணி நேரம் திட்டினாள். பிறகு புது உறை சுற்றி, குழாயும் பம்பும் நன்றாகக் குளிர்ந்த பின் ஓட்டினாள். சத்தம் போன இடம் தெரியவில்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். "சொந்தப் பாட்டியையே விடாதவ யாரை விடப்போறா?" என்றாராம். நான் வாங்கிய திட்டில் வந்த வேலை!

தரை துடைக்க உங்கள் பழைய துண்டு ஒன்று அனுப்பவும். துவைக்காமலே அனுப்புங்கள். ஆலைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி