யாரும் நிறுத்தாத வண்டி

அக்கா,

நேற்று கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் பேட்டரி வண்டிக் கடைக்குப் போயிருந்தேன். முழங்கால் இரண்டும் மக்கர் செய்கின்றன. கம்பை ஊன்றி நடந்தால் மார்க்கெட் போய் வருவதற்குள் பாதிப் பொழுது போய்விடுகிறது. பின்னால் இரண்டு சக்கரம் வைத்து, ஏறி உட்கார்ந்தால் தானாக ஓடுகிற மாதிரி ஒரு வண்டியைக் கடைக்காரர் காட்டினார். புது ரப்பர் வாசனை குப்பென்று வந்தது.

"இதுக்கு லைசென்ஸ் வேண்டாம்மா. நம்பரும் வேண்டாம். ரோட்ல ஒருத்தரும் ஒங்கள நிறுத்திக் கேக்க மாட்டாங்க" என்றார் பெருமையாக.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. வண்டி வாங்காமலே திரும்பி வந்தேன். அந்த மனுஷன் என்ன தப்பாகச் சொன்னார் என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னால்தான் இது புரியும்.

இளம்பிள்ளை வாதம் உன் இரண்டு கால்களையும் சிறு வயதிலேயே எடுத்துக்கொண்டது. ஆனாலும் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலையும் வாங்கினாய். வேலை கிடைத்தது, அங்கே போவதற்குத்தான் வழியில்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இரும்புக் கம்பியும் வாருமாகக் காலிபர் மாட்டிய காலோடு நீ படியைப் பிடிப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். "அடுத்த வண்டி சும்மா வரும், அதுல வாங்க" என்பார். அடுத்த வண்டி ஒருநாளும் காலியாக வந்ததில்லை. மில் ஷிப்ட் விடுகிற நேரமென்றால் கேட்கவே வேண்டாம்.

அரசு விழாவில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் கொடுத்தார்கள். கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி. மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு நீ ஒரே ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் போனாய். பஞ்சு லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோட்டில், எதிர்க்காற்றில். அன்று சாயங்காலம் சாப்பாட்டைப் பிசையக்கூட உன்னால் கையைத் தூக்க முடியவில்லை. அம்மா ஊட்டிவிட்டாள். ஊட்டிக்கொண்டே, "வீட்டோட இருந்து டைப் அடிக்கக் கூடாதா? எம்புட்டுப் பேரு அடிக்காக" என்றாள். நீ வாயை மூடிக்கொண்டாய். அடுத்த கவளத்தை வாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மோட்டார் வண்டிப் பேச்சு ஆரம்பித்தது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மொபெட் போதும் என்றார்கள். பெடலை மிதித்துக் கிளப்ப உனக்குக் கால் ஏது? கியர் ஸ்கூட்டர் பலமாக இருக்கும் என்றார்கள். அதை உதைத்துக் கிளப்ப தினமும் ஓர் ஆளைத் தேடவேண்டும், பிரேக்கும் காலில் இருக்கிறது. உனக்கு வேண்டியதைச் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் நீயே மதுரைக்குப் போய்ப் பார்த்து வந்தாய். பொத்தானை அழுத்தினால் கிளம்ப வேண்டும், கியர் இருக்கக் கூடாது, இரண்டு பிரேக்கும் கையில் இருக்க வேண்டும். அப்படி ஒன்று வந்திருந்தது. வாங்கினோம்.

தென்காசி ரோட்டுப் பட்டறையில் அதற்குப் பக்கச் சக்கரங்கள் மாட்டினார்கள். முதல் தடவை மாட்டியது உதவவில்லை. சின்னப் பள்ளம் வந்தாலும் பக்கச் சக்கரம் இரண்டும் மேட்டில் உட்கார்ந்துகொள்ள, நடுச்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. என்ஜின் அலறும், வண்டி நகராது. மறுபடி வெட்டி, மறுபடி பற்றவைத்து, ஸ்பிரிங் போட்டார்கள். லாரியில் ஏற்றிப் போய், செண்பகத்தோப்பு ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து இறக்கினோம். நீ ஓட்டினாய். மலையைப் பார்த்துப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. நான் பயந்துபோய் ரோட்டிலேயே நின்றேன். திரும்பி வந்ததும், "ஏட்டி, என்னைய யாரும் தூக்காம நான் இம்புட்டுத் தூரம் போனதே இல்லடி" என்றாய்.

அந்தச் சந்தோஷம் அந்த வாரமே முடிந்தது. வண்டியைப் பதிவு செய்ய வேண்டும், உனக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

"இது டூ வீலரா, த்ரீ வீலரா? எண்ணிப் பாத்தா நாலு சக்கரம்ல இருக்கு" என்று அங்கிருந்த அதிகாரி சிரித்தார். "கம்பெனி குடுத்த மாதிரி கொண்டு வாங்க. பதிஞ்சு தாரேன். பொறவு நீங்க என்னத்தையும் மாட்டிக்கோங்க."

"கழட்டிட்டா நான் எப்படி சார் ஓட்டிட்டு வருவேன்?"

"வேற யாரையாவது ஓட்டிட்டு வரச் சொல்லுங்க."

"லைசென்ஸ் எனக்கு சார்."

டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். உனக்கு ஊனம் என்று அரசு டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் காட்டினால், "ஊனம்னு எழுதியிருக்கு, எப்படி வண்டி ஓட்டுவீங்க?" என்றார்கள். ஓட்டத் தகுதி உண்டு என்று எழுதி வாங்கிப் போனால், "தகுதி உண்டுன்னா பக்கச் சக்கரம் எதுக்கு?" என்றார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நீ காலிபரின் வாரைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் அவர்களைத் திட்டித் தீர்ப்பேன். நீ திட்டமாட்டாய். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பேசாமல் ஓட்டு. நம்பர் இல்லாவிட்டால் என்ன? பட்டறைக்காரர் சொன்னார். அம்மா சொன்னாள். நம் தெருவில் குடியிருந்த போலீஸ்கார அண்ணாச்சியே சொன்னார்: "ஒன்னைய எவன்மா புடிப்பான்? கால பாத்தா பாவம்னு விட்டுருவான். நான் சொல்லுதேன், நீ போ."

அவர் போனபிறகு நீ என்னிடம் சொன்னாய்: "பாவம்னு விடுறதுக்குப் பேரு லைசென்ஸ் இல்லட்டி. என்னைய நிறுத்திக் கேக்கணும். நான் எடுத்துக் காட்டணும்."

வண்டி முற்றத்தில் சாக்கு மூடி நின்றது. நீ மறுபடியும் பஸ்ஸுக்கு நின்றாய். மழைக்காலம் முழுக்க அப்படித்தான். ஒருநாள் படியில் வழுக்கி விழுந்து முன்பல் உடைந்தது. அப்போதும் நீ சாக்கை எடுக்கவில்லை. எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது, அந்த அதிகாரிகள்மேல்கூட அவ்வளவு வரவில்லை.

வக்கீல் அலுவலகத்தில் மோட்டார் வாகனச் சட்டப் புத்தகம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்துவைத்துப் படித்தாய். ஊனமுற்றவர் ஓட்டுவதற்கென்றே மாற்றி அமைத்த வண்டிக்குச் சட்டத்தில் தனியாக இடம் இருந்தது. மனுவை நீயே டைப் அடித்து மேலதிகாரிக்கு அனுப்பினாய். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினாய். கடைசியில் ஒரு புது அதிகாரி மாற்றலாகி வந்து, உன்னை வரச் சொல்லி, மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னார். பக்கச் சக்கரம் வைத்த வண்டி சாயாது, அதனால் அகலமாகத்தான் திரும்பும். நீ அந்த மைதானம் முழுவதையும் எடுத்துக்கொண்டு பெரிய எட்டாகப் போட்டாய். அவர் அலட்டிக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டார். இதற்கா இத்தனை காலம் என்று எனக்கு அழுகைதான் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் அடிக்கடி போலீஸ் வண்டிச் சோதனை நடக்கும். எல்லா வண்டியையும் ஓரங்கட்டுவார்கள். நீ வேகத்தைக் குறைத்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்துகொண்டே போவாய். "போங்கம்மா, போங்க போங்க" என்று கையை வீசிவிடுவார்கள். வருஷக்கணக்கில் இதேதான். ஒருநாள் நீயாகவே நிறுத்தி, லைசென்ஸை நீட்டி, "பாருங்க சார்" என்றாயாம். அங்கிருந்த கான்ஸ்டபிள் வாங்கிப் பார்க்காமலே, "ஒங்கள்ட்ட போய்க் கேப்போமா தாயி? பாத்துப் போங்க" என்று கும்பிட்டாராம். அன்று வீட்டுக்கு வந்து, வண்டியிலிருந்து இறங்காமலே நீ அழுதாய். பல் உடைந்தபோதுகூட அழாதவள்.

பிறகு ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். வந்த புதிதில், உன்னைக் கைகாட்டி நிறுத்தினார். லைசென்ஸ் கேட்டார். ஆர்.சி. கேட்டார். இன்சூரன்ஸ் கேட்டார். இன்சூரன்ஸ் தேதி முடிந்திருந்தது. நீ அதைக் கவனிக்கவே இல்லை. அபராதம் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள், "மேடம், பாவம்..." என்று இழுக்க, "சும்மா இருங்க" என்றாராம்.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாய். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தேதி முடிஞ்சதுகூடத் தெரியாம ஓட்டிட்டு, என்னக்கா சிரிப்பு வேண்டிக்கெடக்கு?"

"ஏட்டி, செத்த நேரம் கத்தாம கேளு" என்றாய். "அந்தம்மா என் காலப் பாக்கவே இல்லடி. பேப்பரத்தான் பாத்துச்சு."

அதற்குப் பின் நீ அதிக காலம் இருக்கவில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள், கல்லீரல் என்றார்கள், ஒன்றும் சரியாகச் சொல்லவில்லை. வண்டியைக் கேட்டு வந்தவர்கள் பக்கச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தரச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. கூமாப்பட்டியிலிருந்து காலில்லாத ஒருவர் வந்து, அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்.

இப்போது நானும் கம்பு ஊன்றுகிறேன். மினி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமலே என்னைத் தாண்டிப் போகிறார். "இருக்கட்டும் ஆச்சி, ரெண்டு ஸ்டாப்புதான" என்கிறார். நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் காசை நீட்டிய கையை நான் மடக்குவதில்லை. பின்னால் நிற்பவர்கள் சலித்துக்கொள்கிறார்கள், கண்டக்டர் முகம் சுளிக்கிறார். அவர் திரும்பி வந்து டிக்கெட்டைக் கிழிக்கிற வரைக்கும் நீட்டியபடியே உட்கார்ந்திருக்கிறேன்.