வேர்க்கடலை என்று சொன்னவள்

அப்பா,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் குழந்தை என்னைப் பேனாவைத் தொடவிடுவதில்லை. இப்போதும் இருமிக்கொண்டேதான் படுத்திருக்கிறான். கம்பளி ஈரமாகிவிட்டதால் பெட்டியைத் திறந்து உங்கள் கறுப்புக் கோட்டை எடுத்துப் போர்த்தினேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகியும் அதில் மூக்குப்பொடி வாசனை போகவில்லை. தூக்கத்திலேயே தும்மினான். அதோடு என் தூக்கமும் போயிற்று.

விடிந்தால் நான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். நீங்கள் திண்டிவனத்திலிருந்து ரயிலேறி வந்து வாதாடிய இதே விழுப்புரம் கோர்ட்டில்.

எங்கள் தெரு ஜட்கா வண்டிக்காரர் முனுசாமி, சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் ஒரு அம்மாளின் சங்கிலியை அறுத்தார் என்று கேஸ். அந்த நேரத்தில் அவர் என்னையும் ஜுரத்தில் கிடந்த பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் சட்டையிலேயே வாந்தி எடுத்தான். "கொழந்ததானம்மா" என்று துண்டால் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அவருடைய வக்கீல், "சரியா ஆறு மணின்னு சொல்லிடுங்கம்மா, கேஸ் நிக்காது" என்கிறார். நான் கடிகாரமா பார்த்தேன்? தெருவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் தெரியும். சாயங்காலம் முனுசாமியின் மனைவி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். "ஆறு மணின்னு ஒரு வார்த்தைம்மா. அவரு உள்ள போய்ட்டா குதிரைக்குக் கொள்ளு வைக்கக்கூட ஆளில்ல."

உங்கள் மாப்பிள்ளை நைட் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டார். "நமக்கு எதுக்கு இந்த பேஜாரு? புள்ளைய இடுப்புல வச்சிக்கினு கூண்டுல நிக்கப்போறியா?" பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வக்கீல் பொண்ணாச்சே, உனக்கா வாய் இல்ல" என்றார்.

வக்கீல் பெண் என்பதால்தான் பயமாக இருக்கிறது, அப்பா.

மற்ற வக்கீல்கள் கிளப்பில் சீட்டாடுவார்கள். நீங்கள் சந்தைக்குப் போய் வேண்டாத புளியை வாங்கிக்கொண்டு ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பீர்கள். ஒருவர் வாயைத் திறந்தால் எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடுவீர்கள். மண்டகப்பட்டு குகைக்கு என்னை அழைத்துப்போனபோதுகூடச் சிற்பத்தைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்து மறுநாள் வாதத்தைப் பேசி, குரல் திரும்பி வருவதைக் கேட்டீர்கள். "குரல் நல்லா எடுக்குதா?" என்று என்னிடம் வேறு கேட்டீர்கள்.

இதோ, மறுபடி இருமல். எழுந்துபோய்த் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

கண்டாச்சிபுரத்துப் பெண்ணின் நினைவுதான் என்னைத் துரத்துகிறது. நான் காலேஜ் லீவில் வந்திருந்தேன். பண்ணைக்காரரின் மைத்துனன் அவள் புருஷனின் கையை முறித்த கேஸ். நீங்கள் மைத்துனனுக்காக ஆஜரானீர்கள். கேஸ் முடிந்த அன்று சாப்பிட உட்கார்ந்து, இரண்டு குரலிலும் நீங்களே நடித்துக் காட்டினீர்கள்.

"அடிச்சப்போ நீ என்னம்மா பண்ணிக்கினு இருந்தே?"

"வேர்க்கடலை புடுங்கிக்கினு இருந்தேனுங்க."

"உங்க ஊர்ல வேர்க்கடலைன்னா சொல்லுவீங்க?"

"மல்லாட்டைன்னுதானுங்க சொல்லுவோம்."

"அப்போ இதை யாரு சொல்லிக்குடுத்தாங்க?"

"சர்க்கார் வக்கீல் ஐயாதாங்க. கோர்ட்டுல சுத்தமாப் பேசணும்னாரு."

"அப்படியா. வேற என்னென்ன சொல்லிக்குடுத்தாரு?"

கோர்ட்டே சிரித்ததாம். மாஜிஸ்டிரேட்டும் சிரித்தாராம். மைத்துனன் வீட்டுக்குப் போய்விட்டான். எனக்குப் புரையேறும்வரை சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவ சொன்னது பொய்யா?" என்று கேட்டாள்.

நீங்கள் இலையைப் பார்த்துக்கொண்டு, "மோரை ஊத்து, ஜல்தி" என்றீர்கள்.

அந்தப் பெண் கோர்ட்டுக்கு மரியாதை என்று நினைத்து ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னாள். இப்போது என் வாயில் "ஆறு மணி"யைத் திணிக்கிறார்கள். எதிர்த்தரப்பில் உங்களைப் போல் ஒருவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, "கடிகாரம் பார்த்தீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்பார். அந்த மெதுவான குரல் எனக்குத் தெரியும். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

விளக்கு வைக்கிற நேரம் என்றுதான் சொல்லப்போகிறேன். பிள்ளை வாந்தி எடுத்ததையும் அவர் துடைத்ததையும் சொல்வேன். முனுசாமிக்கு அது போதுமோ போதாதோ, தெரியவில்லை. போதாமல் போனால் அவர் மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? உங்களைக் கேட்கலாமென்றால் நீங்கள் இல்லை. இருக்கிறதெல்லாம் இந்தக் கோட்டும், எப்படிப்பட்ட கேள்வி வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிற இந்தப் பயமும்தான்.

அம்மாவும் இப்போது இல்லை. அவள் கேட்டதை நான் கேட்கிறேன். கண்டாச்சிபுரத்துப் பெண் சொன்னது பொய்யா, அப்பா? அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா?

கூண்டேறுவதற்குள் எனக்கு அது தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.