அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள்

அக்டோபர் 7
என்னை ஒரு வார்த்தை கேட்காமல் டெஸ்ஸா என் கடிகார நிரலை அழித்துவிட்டாள். இது அநியாயம். பால் பண்ணைகளுக்காக நான் எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருளுக்கு மணி சொல்வது அதுதான். எந்தக் கணினியில் போட்டாலும் ஓடும். ஒவ்வொரு வகைக் கணினியிடமும் மணி கேட்க ஒவ்வொரு வழி. பதினொரு வகைக்குப் பதினொரு பகுதி, 612 வரிகள். டிராக்டர் பழுது பார்த்துக்கொண்டே புத்தகம் வாங்கிப் படித்து எழுதியவை. கண் மங்குகிறதே என்று போன வருடம் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். இப்போது எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்பதே வரியாம்.

அக்டோபர் 8
பர்லிங்டனில் இருக்கும் டெஸ்ஸாவுக்கு போன் போட்டேன்.
"ஏழாவது பகுதி மேல 'தொடாதே'ன்னு எழுதியிருந்தேனே, கண்ணு தெரியலையா?"
"தெரிஞ்சுது ஆர்வில். ஏன் தொடக்கூடாதுன்னுதான் எழுதல. அது என்ன, நாய் இருக்கற வீட்டு போர்டா?"
காரணத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 9
காரணம் நினைவில்லை.

அக்டோபர் 14
பழைய கடிதங்களில் கிடைத்துவிட்டது. 2003. மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் லோர்னா திபோடோவின் பால் தொட்டி. கால் மணிக்கொரு முறை பாலைக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர் பரவாது. வருடா வருடம் இங்கே எல்லோரும் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் குளிர்கால நேரத்துக்காக அவள் கணினி மணியை ஒரு மணி நேரம் பின்னே தள்ள, மென்பொருள் குழம்பிக் கலக்காமல் நின்றுவிட்டது. தொட்டிப் பால் முழுவதையும் சாக்கடையில் ஊற்றினாள். அதற்காகத்தான் ஏழாவது பகுதி. வருகிற நவம்பர் 2 மறுபடி மணி மாறும். டெஸ்ஸாவின் வரிகள் அங்கே போனால் பால் போச்சு.

அந்தக் கணினி இன்னும் ஓடுகிறதா என்று லோர்னாவிடம் கேட்டேன். "அது ஓடுது கிழவா. மாடுங்கதான் நொண்டுது."

அக்டோபர் 19
நிரூபிக்காமல் விடுவதாக இல்லை. அதே வகைக் கணினியைக் கீழறையில் ஓடவிட்டேன். கலக்கிக்குப் பதில் ஒரு விளக்கு. முதலில் டெஸ்ஸாவின் ஒன்பது வரி. மணியைப் பின்னே தள்ளினேன். விளக்கு நேரம் தவறாமல் எரிந்தது. மணி என்ன என்று அது கேட்பதே இல்லை. கணினியை முடுக்கியதிலிருந்து எத்தனை நொடி என்று எண்ணுகிறது, அவ்வளவுதான்.

பிறகு என்னுடையது. தள்ளினேன்.

விளக்கு எரியவில்லை. ஒரு மணி நேரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 20
2012இல், அழகுபடுத்துகிறேன் என்று அந்த ஏழாவது பகுதியில் ஒரு வரியை எடுத்திருக்கிறேன். நானேதான். வேறு யார் கையும் படவில்லை. அப்படியானால் இத்தனை வருடம் லோர்னாவின் பால் எப்படிக் கெடாமல் இருந்தது?

அக்டோபர் 21
கேட்டேன். லோர்னா சொன்னாள்:
"மணி மாறுற அன்னிக்கு தொட்டி பக்கத்துலயே உக்காந்துக்குவேன். கால் மணிக்கொரு தடவ சுவிட்ச கையால போடுவேன். பதிமூணு வருஷமா."
"ஏன் சொல்லல?"
"சொன்னேனே. உன் மிஷின்தான் தப்புன்னு நாலு பக்கம் திட்டி எழுதின."
எழுதியிருப்பேன். அதைத் தேடிப் பார்க்க மனம் வரவில்லை.

அக்டோபர் 22
செய்ய வேண்டியவை.

டெஸ்ஸா: ஒன்பது வரியை அப்படியே விடுவது. நான் கெஞ்சினாலும் பழையதைத் திரும்பச் சேர்க்கக் கூடாது.

நான்: 2012 விஷயத்தை அவளிடம் சொல்வது, எழுத்தில் அல்ல, வாயால். 31ஆம் தேதிக்குள் பண்ணைக்குப் போய்ப் புதியதைப் போடுவது. மணி மாறும்போது தொட்டியருகே உட்கார்ந்திருப்பது.

லோர்னா: தூங்குவது.