மீசை போட்ட சில்லு

மார்ச் 3, ஞாயிறு

மதியம் சீட்டு. வழக்கம்போல எங்கள் சமையலறை மேசையில் ஐந்து பேர். நான், இவர், பக்கத்து வீட்டு நர்ஸ், எதிர்வீட்டுக் குழாய்க்காரர், மூன்றாவது மாடியிலிருந்து இவருடைய அண்ணன், அதாவது என் பெரியத்தான். ஆட்டம் போக்கர். காசு கிடையாது. என் தையல் டப்பாவில் கிடக்கிற சட்டைப் பொத்தான்தான் பந்தயம். பொத்தான் எல்லாவற்றையும் முதலில் தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். இன்று குழாய்க்காரர். ஊர்க் குழாயை எல்லாம் மாட்டுகிறவருக்கு எங்கள் வீட்டுக் குழாயை மட்டும் திறக்கத் தெரியாதாம். விடுவேனா?

முடிந்ததும் பெரியத்தான் ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே, காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கிற வட்ட வட்டச் சில்லுகள். எங்கேயோ மூடிப்போன ஒரு கேசினோவில் நிஜமாகவே ஆடியவையாம். சேகரிக்கிறவர்கள் தேடித் தேடி வாங்குவார்களாம். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை.

"பொத்தான வச்சு ஆடறது சின்னப்புள்ள விளையாட்டும்மா. இனிமே ஆட்டம் மேல, என் வீட்ல. இந்தப் பெட்டி கீழ இறங்காது."

இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க ஆடுங்கண்ணே. நான் வீட்டப் பாத்துக்கறேன்."

நாற்பத்தாறு படி. லிஃப்ட் கிடையாது.

மார்ச் 4, திங்கள்

ஒரு பேன்ட்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

வீட்டப் பாத்துக்கறாராம். வீடு எங்க ஓடிப்போகுது? போன வருஷம் லாரியிலிருந்து இறங்கும்போது வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு விழுந்தாரே, அதற்குப் பிறகு "விரலுக்கு ஏதாவது வேலை குடுத்துக்கிட்டே இருங்கக்கா" என்று நர்ஸ் சொன்னாள். அதற்காக ஆரம்பித்த ஆட்டம் இது. பெரியத்தானுக்குத் தெரியாதா? தெரியும். பெட்டி வந்ததும் தம்பி மறந்துபோச்சு.

மார்ச் 10, ஞாயிறு

வேவு பார்க்க நானும் மாடிக்குப் போனேன்.

சில்லு அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். கையில் கனமாக உட்காருகிறது. மேசையில் வைத்தால் டொக்கென்று ஒரு மரியாதையான சத்தம். ஆனால் சட்டதிட்டம்! கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். மேசையில் டீ வைக்கக் கூடாது. உறையைப் பிரிக்கக் கூடாது. குழாய்க்காரர் தும்மல் வந்து எழுந்து வராந்தாவுக்கே ஓடினார்.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து ஒரு சில்லை அளந்தேன். ஒன்றரை அங்குலம்.

"என்னம்மா பண்றே?"

"ஒரு சட்டை தச்சுப் போடலாம்னு அத்தான். வெறும் பிளாஸ்டிக்ல குளிருமே."

நர்ஸ் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நானே சில்லு வரைஞ்சு அடிச்சுட்டு வரேன், நம்ம ஆட்டத்துக்குன்னே" என்றேன்.

"மூணாங்கிளாஸ் படிச்சுட்டு நீ டிசைன் பண்ணுவியா?"

"மூணாங்கிளாஸ்லயே வட்டம் போடச் சொல்லிக் குடுத்துட்டாங்க அத்தான்."

பேச்சு வளர்ந்து பந்தயமாகிவிட்டது. இருபத்து நாலாம் தேதி, ஒரே ஒரு நாள், பெட்டியைக் கீழே இறக்குவார். இரண்டு சில்லிலும் ஆட வேண்டும். எது நல்லது என்று நர்ஸும் குழாய்க்காரரும் சொல்ல வேண்டும். யாருடைய சில்லோ அவர் வீட்டில்தான் இனி ஆட்டம்.

இறங்கி வந்தேன். இவர் தனியாக உட்கார்ந்து இரண்டு பேருக்குச் சீட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார். "யாரு ஜெயிச்சா?" என்றேன்.

"எதிராளி" என்றார்.

மார்ச் 12, செவ்வாய்

கேடயமும் பேட்ஜும் அடிக்கிற கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். போக்கர் சில்லு இதுவரை அடித்ததே இல்லையாம், அளவை நீங்களே எழுதிக்கொடுங்கள் என்றார்கள். அளவு சொல்ல எனக்கா தெரியாது?

படமெல்லாம் என் கைதான். நூறு மதிப்புள்ள சில்லுக்கு லாரி ஸ்டீயரிங், அது இவர். இருபத்தைந்துக்கு ஊசி, நர்ஸ். ஐந்துக்குக் குழாய். ஒன்றுக்குப் பெரியத்தானுடைய மீசை. ஆமாம், ஒன்றுக்குத்தான்! ஓரம் முழுக்கச் சுற்றித் தையல் போட்ட மாதிரி கோடு. "உங்க படம் எங்கம்மா?" என்றான் கடைப் பையன். ஓரத்தைப் பார்த்தால் தெரியாதா, எல்லாரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று?

மார்ச் 17, ஞாயிறு

தலைவலி என்று சொல்லி மாடிக்குப் போகவில்லை. தலை நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 22, வெள்ளி

சில்லு வந்துவிட்டது. ஐயோ.

ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். ஒரு நிமிஷம் கடைக்காரரைத் திட்டிவிட்டு, எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்தேன். என் கையெழுத்து. ஒன்றரை அங்குலத்தோடு, சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டிருக்கிறேன்! முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிற கை. எந்த அளவைக் கொடுத்தாலும் தானாகவே கொஞ்சம் விட்டுத்தான் எழுதும். சில்லுக்கு எங்கே தையல்? யார் மடித்து அடிக்கப் போகிறார்கள்?

கடைக்காரர் வேறு, "ரெண்டு அங்குலம்னே அடிச்சுடவா?" என்று போனில் கேட்டார். ஆமாம் என்று அதட்டினேனே!

மாற்றி அடிக்க நாளில்லை. வெட்டவும் முடியாது. சரி. வருவது வரட்டும். மூணாங்கிளாஸ் அழுதுகொண்டு உட்காராது. யார் கேட்டாலும் வேண்டுமென்றேதான் செய்தேன் என்று சொல்லப்போகிறேன். உண்மை இந்த நோட்டுக்கு மட்டும்.

மார்ச் 24, ஞாயிறு

முதலில் பெரியத்தானுடைய சில்லு. இவர் முன்னால் அடுக்கி வைத்தார்கள். வழவழ உறை, விரல் நிற்கவில்லை. மூன்றாவது தடவை எடுக்கும்போது ஒன்று நழுவித் தரையில் விழுந்து, உறையிலிருந்து தெறித்து, அலமாரிக்கு அடியில் ஓடியது. ஓரத்தில் ஒரு துண்டு போய்விட்டது.

"பாத்துடா!" என்று கத்திவிட்டார் பெரியத்தான்.

இவர் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் இடது கையால்தான் ஆடினார். அத்தானுக்கு ஒரு பதில் என் வாய்வரைக்கும் வந்தது, விழுங்கினேன்.

அடுத்து என்னுடையது. மேசையில் கொட்டினேன்.

"இது சில்லா, டம்ளர் மூடியா?" குழாய்க்காரர்.

"கண்ணு போன காலத்துல ஆடறவங்களுக்குப் பெருசா இருக்கட்டும்னு வேணும்னேதான் செஞ்சேன்."

பெரியத்தான் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மீச யாருது?"

"கண்ணாடி வேணுமா அத்தான்?"

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குள் ஒன்று நடந்தது. இவர் மடியிலிருந்த வலது கை மேலே வந்தது. கட்டை விரலையும் இரண்டு விரலையும் வைத்து ஒரு சில்லைப் பிடித்தார். விட்டுவிட்டார். மறுபடி பிடித்தார். நின்றது. நர்ஸின் சிரிப்பு பாதியில் நின்றது, அவளும் பார்த்துவிட்டாள். நான் டீயை ஆற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

கடைசிச் சுற்றில் இவர் தன்னிடம் இருந்த ஸ்டீயரிங் சில்லு எல்லாவற்றையும், ஒவ்வொன்றாக, வலது கையாலேயே நடுவில் வைத்தார். "மொத்தமும்." பெரியத்தான் மீசையைத் தடவினார், தம்பி முகத்தைப் பார்த்தார், சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்தார். இவர் தன் சீட்டைக் காட்டினார். ஒன்றுமே இல்லை! ஒரு ஜோடிகூட இல்லை!

"லாரிக்காரன நம்பி வழி விட்டீங்களேண்ணே" என்றார். இப்படி இவர் பேசிக் கேட்டு ஒரு வருஷம்.

நர்ஸ் என் சில்லு என்றாள். குழாய்க்காரர், "என் குழாய் இருக்கற எடத்துலதான் நானும் இருப்பேன்" என்றார்.

பெரியத்தான் பெட்டியை மூடிக்கொண்டு மேலே போய்விட்டார். போகட்டும்.

மார்ச் 31, ஞாயிறு

நாலு பேரோடு ஆட்டம். பெரியத்தான் வரவில்லை. வா என்று நானும் கூப்பிடவில்லை. படிக்கட்டுச் சத்தத்தை மட்டும் காது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

நாற்காலி போடும்போது ஐந்தாகப் போட்டேன். கை பழக்கம். ஐந்தாவதில் அவரே வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சில்லை எடுத்து மேசையில் வைத்தார். ஓரம் உடைந்ததே, அதுதான். உறை இல்லை.

"இத இனிமே எவனும் வாங்க மாட்டான். சீட்டுப் போடறவங்க முன்னாடி அடையாளத்துக்கு வைங்க" என்றார். யாரையும் பார்க்கவில்லை. முதலில் அதை எடுத்துத் தம்பி முன்னால் அவரே நகர்த்தினார். நாலு சுற்றுக்குள் அதன் மேல் டீக்கறை. பார்த்தார், அடுத்த சீட்டை எடுத்தார்.

பாத்திரமும் அவர்தான் கழுவினார். "அத்தான், கை கழுவிட்டுத்தான தொட்டீங்க?" என்றேன். சோப்பு நுரையை என் மேல் சுண்டினார்.

எல்லாரும் போன பிறகு இவர் சில்லுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றின் விளிம்பை விரலால் தடவினார்.

"சுத்திக் கால் அங்குலம் விட்டுட்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்பத் தெரியும்?"

"கொட்டினப்பவே."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

இவர் இன்னொரு சில்லை எடுத்து, நடுங்காமல், மேலே வைத்தார்.

"இருக்கட்டும். பிரிச்சுத் தைக்காதே."