மறுகா என்று எழுதியவள்

அக்கா, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். இனி உங்களால் காட்ட முடியாது என்று தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். அம்மா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். கைபேசி வெளிச்சத்தில், விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

இன்று மாலை உங்கள் அம்மா மதிலுக்கு மேலால் ஒரு பையைத் தந்தார். "நாளைக்குப் புள்ள பள்ளிக்கூட மேடையில நிகழ்ச்சி சொல்லப் போறாவாம். இத உடுக்கட்டும்" என்றார். உள்ளே, நீங்கள் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும்போது உடுத்த நீலச் சேலையும் பிளவுஸும். பவுடர் மணம் இன்னும் போகவில்லை. பிளவுஸை உட்புறமாகத் திருப்பினேன். பக்கத் தையலில் பழைய ஊசித் துளைகள் மூன்று வரிசை. மூன்று முறை பிரித்துத் தைத்திருக்கிறீர்கள்.

சிறுநீரக வருத்தத்துக்கு மருந்தாகத் தந்த குளிசைகள் உங்கள் முகத்தை ஊத வைத்த காலம் அது. நாடே அறிந்த முகம். வருத்தம்தான் யாருக்கும் தெரியாது. "வருத்தம் எண்டு முகநூலில ஒரு வரி போடன் மகள், ஏசுறவங்க வாய மூடுவாங்க" என்று உங்கள் அம்மா கெஞ்சினார். "ஏன் போடணும்? வருத்தமில்லாம உடம்பு மொத்தமா இருந்தா மட்டும் ஏசலாமா?" என்று கேட்டீர்கள். இப்படியும் ஒருவர் கேட்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

கல்லடியில் மீன் வாங்கப் போனபோது மீன்காரி உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன கா, டிவிப் பெட்டி சிறுத்துப் போச்சா, நீ பெருத்துப் போனியா?"

"ரெண்டும்தான் மாமி. இறால மட்டும் சிறுசாப் போட்டுடாதீங்க."

அவரே சிரித்துவிட்டு ஒரு பிடி கூடப் போட்டார்.

கொழும்பிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், முகநூலில் உங்களைப் பற்றி எழுதியவற்றை எங்கள் வீட்டில் செய்திக் குரலில் வாசிப்பீர்கள். "தலைப்புச் செய்திகள். அறிவிப்பாளரின் கன்னங்கள் நேற்றிரவு மேலும் விரிவடைந்துள்ளன. தொலைக்காட்சிப் பெட்டிகளை அகலமாக்கக் கோரி மக்கள் ஆர்ப்பாட்டம்." சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரையேறும்.

அப்படி ஒரு நாள் இதை வாசித்தீர்கள்: "முந்தி வடிவா இருந்தா. மறுகா என்ன, சோத்துப் பானைக்குள்ள விழுந்திட்டா போல."

செய்திக் குரல் நின்றுவிட்டது. "மறுகா" என்று மெல்லத் திரும்பச் சொன்னீர்கள். "இது நம்மட ஊர் ஆள். வேற ஊர் ஆக்கள் 'பிறகு' எண்டுதான் எழுதுவாங்க."

எனக்குக் காது சுட்டது. பொய்ப் பெயரில் அதை எழுதியவள் நான்தான், அக்கா. வகுப்பில் எல்லோரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். பலர் கீழே சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நீங்கள் கோபப்படவில்லை. "வேலைக்குச் சேந்த முதல் நாளே இந்தச் சொல்ல வெட்டிட்டாங்க. 'பின்னர்' எண்டுதான் சொல்லணுமாம். எவ்வளவு நாளாச்சு இதக் கேட்டு! ஏச்செண்டாலும் வீட்டுப் பாசையில ஏசியிருக்கா" என்றீர்கள். வழக்கமாக "போயிட்டு வாறன்" என்று சொல்லிப் போகிற நீங்கள், அன்று என் தலையைத் தொட்டு "மறுகா வாறன் கா" என்றீர்கள். தெரிந்துதான் சொன்னீர்களா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த வரியை அன்றே அழித்தேன். நீங்கள் அதை வாசித்த குரலை அழிக்க முடியவில்லை.

அந்த வருட வெள்ளத்தின்போது உங்கள் குரலைக் கேட்டுத்தான் எங்கள் தெருவே பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. விடிய விடிய, தண்ணீர் எங்கே ஏறுகிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அன்று ஒருவரும் உங்கள் கன்னத்தைப் பார்க்கவில்லை. மழை விட்டதும் மறுபடி பார்க்கத் தொடங்கினார்கள். நீங்களும் மறுபடி செய்தி வாசிக்கும் அதே கதிரையில் வந்து இருந்தீர்கள். மருத்துவமனைக்குப் போய்த் திரும்பி வராமலே போகும் வரைக்கும் ஒரு நாள்கூட ஒளியவில்லை.

ஒளியப் பார்த்தது நான். நேற்றைய ஒத்திகைப் படத்துக்குக் கீழே யாரோ என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்: "மேடை தாங்குமா?" நாளை எல்லாவற்றையும் நேரலையில் போடப்போகிறார்கள். "காய்ச்சல் காரணமாக" என்று ஆசிரியைக்குக் கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன்.

சற்று முன் உங்கள் பிளவுஸைப் போட்டுப் பார்த்தேன். அளவாக இருக்கிறது. உள்ளே இன்னும் ஒரு தையல் பிரிக்கத் துணியும் விட்டிருக்கிறீர்கள். கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நாளை போவேன், அக்கா. எழுதுகிறவர்கள் எழுதட்டும். வீட்டுக்கு வந்து செய்திக் குரலில் நானும் வாசிப்பேன். உங்களிடம் ஒரு தடவையாவது நேரே மன்னிப்புக்

கதவைத் தட்டுகிறார்கள். "என்ன புள்ள வெளிச்சம்? அந்தச் சேலையக் கசக்கிப் போடாத, கதவத் திற!"

அம்மா. அக்கா, மறுகா