மார்பளவு குறையவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று பதில் எழுதிவிடாதே, நம்பமாட்டேன்.

நீ கொடுத்துவிட்டுப் போன நாலு பேன்ட்டையும் இடுப்பில் பிடித்து இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். ஆணழகன் போட்டி மேடையில் போட நீ தைக்கச் சொன்ன பளபள ஜட்டி இதில் இல்லை. கவிழ்த்துப் போட்டுத் தேடாதே. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் கத்துகிறாய், இல்லையென்றால் வைத்துவிடுகிறாய். காகிதத்தோடு எப்படிச் சண்டை போடுகிறாய், பார்க்கிறேன்.

போன தடவை என் தையல் கடையில் உன்னை அளவெடுத்தபோதே எனக்கு உறுத்தியது. இடுப்பு நாலு விரல் இறங்கியிருந்தது. மார்பும் கையும் நூலளவுகூடக் குறையவில்லை. எனக்கு மஞ்சள் காமாலை வந்து இளைத்தபோது முதலில் தொளதொளத்தது சட்டைக் கைதான். இதைக் கேட்டதற்கு, "முட்டையும் கோழியும் சாப்பிடறேன், வெயிட் தூக்கறேன், அதான் சதை நிக்குதுக்கா" என்றாய். எனக்கென்ன தெரியும், இருக்கும் என்று விட்டேன். ஆனால் மார்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தபோது உன் நெஞ்சு அடித்தது என் விரலுக்கே தெரிந்தது. அதுவரை நாற்காலியில் சாய்ந்து கிடந்தவனுக்கு அப்படி ஏன் அடிக்க வேண்டும்? ஓடி வந்தியாடா என்று கேட்டேன். காப்பி குடித்தேன் என்றாய்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். உன் அறையில் தங்கியிருக்கும் மொட்டை நேற்று போன் செய்தான். நீ குளியலறையில் சுருண்டு விழுந்ததையும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் கிடந்ததையும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியதையும் சொன்னான். போட்டிக்காக நீ பட்டினி கிடப்பதையும், அதில் சதை கரையாமல் இருக்க ஸ்டீராய்டு ஊசி போடுவதையும் சொன்னான். போட்டிக்கு முன்னால் தண்ணீரையும் நிறுத்தப் போகிறாயாமே! பாவி, உனக்குப் பைத்தியமா? மொட்டையைத் திட்டாதே. அழுதுகொண்டேதான் சொன்னான்.

என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். "ஊசி சதையைக் காப்பாத்தும்மா, இல்லைங்கல. ஆனா இதயமும் சதைதானே? அதுவும் தடிச்சுப்போகும், பிரஷர் ஏறும். மயங்கி விழுந்திருக்கான்னா ஒரு நாளும் தள்ளக் கூடாது" என்றார். நீயாகத் திடீரென்று ஊசியை நிறுத்துவதும் நல்லதில்லையாம். என்னென்ன போட்டாய் என்று மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம். அவர் போலீஸ் இல்லை, திட்டமாட்டார். திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "ஜிம்முல சொல்லிக்கொடுக்கறவனுக்கு உடம்புதான்க்கா விளம்பர போர்டு" என்பாய். எல்லோரும் செய்வதுதான் என்பாய். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நான் ஆரம்பித்தால் சிரிப்பாய். சிரித்துக்கொள். உன் மச்சான்கூட நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "நான் போய்க் கையோட கூட்டிட்டு வரட்டுமா" என்று நாலு தரம் கேட்டுவிட்டார். இந்த மனிதர் நீ வந்தால் டிவி சத்தத்தைக்கூடக் குறைக்காதவர், உனக்கே தெரியும்.

ஜட்டியைத் தைத்து முடித்துவிட்டேன். என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வேண்டுமானால் நீ வேறு கடையில் வாங்கிக்கொள்வாய், அதுவும் எனக்குத் தெரியும். என் கையால் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு நீ அந்த மேடையில் விழக் கூடாது, அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருக்கிறதடா. ராத்திரி போன் அடித்தால் எடுக்கக் கை வரவில்லை.

இந்தப் பார்சலை இன்றைக்கு ராத்திரி பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன், விடிந்தால் உன் கையில் இருக்கும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போ, மொட்டையைக் கூட்டிக்கொண்டு. பிறகு இங்கே வா. இந்த வருஷப் போட்டி போனால் போகட்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன். பேன்ட்டுகளில் பிடித்த துணியை வெட்டவில்லை, உள்ளேயே மடித்து விட்டிருக்கிறேன். உன் உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். எந்த அளவில் வந்தாலும் சரி, என் முன்னால் வந்து நில், அளவெடுத்துக்கொள்கிறேன். நீ நூறு வயசு இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அளவெல்லாம் மனப்பாடமாய்த் தெரிந்த
அக்கா