செலின் பாடிய தேசப் பாட்டு

மைனி,

மாடி வீட்டில் யாரோ மாசிக் கருவாடும் தேங்காயும் சேர்த்து இடிக்கிறார்கள். காலைப் பூசை முடிந்து வந்து நான் இன்னும் சேலைகூட மாற்றவில்லை. அந்த வாசனை படியிறங்கி வந்து என்னை உட்கார வைத்துவிட்டது. இன்று ஆகஸ்ட் பதினைந்து, மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் சுதந்திர தினமும் ஒன்றாக வருகிற நாள். முன்பெல்லாம் இந்த நாளில் மாசிச் சம்பல் இடிக்கிற ஒரே வீடு நம் வீடுதான். கொழும்பிலிருந்து நீங்கள் கொண்டுவந்த பழக்கம். நீங்கள் கண்ணை மூடிய பிறகு நானும் செய்து பார்த்தேன், அந்தப் பக்குவம் கைவரவே இல்லை.

நீங்கள் இங்கே வந்தது எமர்ஜென்சி காலத்தில். அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட். இனி இங்கே இருக்க முடியாது என்று இலங்கையில் சொல்லிவிட்டார்கள். உங்களுக்கும் செலினுக்கும் இலங்கைப் பாஸ்போர்ட். இங்கே இருக்க விசா வேண்டும். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியது ஒரே குடும்பம்தான், காகிதத்தில் மட்டும் இரண்டு நாடு. விசாவை நீட்டித்துத் தராவிட்டால் நீங்கள் பிள்ளையோடு திரும்பிப் போக வேண்டும், அண்ணன் தூத்துக்குடியில் தனியாகக் கிடக்க வேண்டும். தாலி கட்டினவளைப் பிரிக்க ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதுமா என்று நான் அடுப்படியில் பாத்திரங்களோடு சண்டை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்குக் கோபம் வந்தால் முதலில் அடிபடுவது பாத்திரம்தானே.

விசாரணைக்கு ஓர் ஏட்டையா வருவார். தெருவில் நாலு வீட்டில் கேட்டுவிட்டுத்தான் நம் வாசலுக்கு வருவார். "இந்தம்மா இங்கனயே இருந்துருவாங்களா, இல்ல ரெண்டு பக்கமும் கால் வச்சிருக்காங்களா?" என்று என்னிடமே கேட்டார். அன்றிலிருந்து நீங்கள் வெளியில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டீர்கள். பேசினால் கொழும்புப் பேச்சு தெரிந்துவிடுமே! கடையில்கூட விரலால் காட்டிச் சாமான் வாங்கினீர்கள். "என்ன மைனி, ஊமைச்சி வேசமா?" என்று கேலி செய்தால் சிரிப்பீர்கள், ஆனால் செலினையும் வெளியே பேசாதே என்று அடக்கி வைத்திருந்தீர்கள். ஆறு வயதுப் பிள்ளை எத்தனை நாள்தான் அடங்கியிருக்கும்?

அந்த வருஷம் திருநாள் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் கொடியேற்றினார்கள். பாதுகாப்புக்கு நின்ற ஏட்டையாவைச் சாமியார் விடவில்லை. விருந்தாளியாக்கித் தம் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அவரைப் பார்த்ததும் நீங்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டீர்கள். கொடி விரிந்தது, எல்லோரும் எழுந்து நின்று நம் தேசிய கீதத்தைப் பாடினோம். பிறகு பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம், மிட்டாய், பாட்டு என்று வரிசையாக நடந்தது. என் பையன்கள் இரண்டு பேரும் செலின் சட்டையில் ஒரு காகிதக் கொடியைக் குத்தி, முன்னே தள்ளிவிட்டார்கள். நான் தடுப்பதற்குள் சாமியார் அவளைத் தூக்கி மேடையில் நிறுத்திவிட்டார்.

"ஒனக்கு ஏதாவது தேசப் பாட்டு தெரியுமா, மக்களே?"

செலின் பெரிதாகத் தலையாட்டினாள். கையைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, கொழும்புப் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் பாடியதைப் பாடினாள். இலங்கையின் தேசிய கீதம். முதல் வரியிலேயே அந்த நாட்டின் பேர் வந்துவிட்டது.

சாமியாரின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. ஏட்டையா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையையே பார்த்தார். ஓடிப்போய் அவளை இறக்கிவிட நான் பாதி எழுந்துவிட்டேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"விடுங்க. பாடி முடிக்கட்டும். நடுவுல நிப்பாட்டினா பிழை செஞ்சதா நினைப்பா."

சொல்லிவிட்டு எழுந்தீர்கள். ஒளிந்து ஒளிந்து நடந்த நீங்கள், அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, கைகளைப் பக்கவாட்டில் வைத்து நேராக நின்றீர்கள். முக்காடு தோளில் விழுந்தது, நீங்கள் எடுத்துப் போடவில்லை. நானும் நின்றேன். பக்தியில் இல்லை மைனி, உங்களைத் தனியாக விட மனசு வராமல், உள்ளுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே நின்றேன். அந்தப் பாட்டு அவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்!

முடிந்ததும் கைதட்டக்கூட யாருக்கும் கை வரவில்லை. ஏட்டையாதான் பேசினார். "நீங்க ஏம்மா எந்திரிச்சீங்க?"

"அது அவ பொறந்த நாட்டுப் பாட்டு, ஐயா. பாயில இருந்துகிட்டு கேக்கக் கூடாது." அத்தனை நாள் கழித்து அன்றுதான் ஊர் உங்கள் குரலைக் கேட்டது. "கொஞ்சம் முந்தி இந்த நாட்டுப் பாட்டுக்கும் நின்னேன்தானே. அதுக்கு நிக்காம இருந்தா, இதுக்கு நின்னதும் பொய்யாப் போயிரும்."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, சாமியாரிடம் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் உங்களோடு இரண்டு நாள் பேசவில்லை. நீங்கள் பெட்டியில் செலினின் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கிவிட்டீர்கள். வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஏட்டையா மறுபடி வந்தார். அதே கேள்விகளைக் கேட்டார், தேத்தண்ணீர் குடித்தார், பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விசா நீட்டித்து வந்தது. அவர் நல்லவிதமாக எழுதினாரா, இல்லை மேலே இருந்தவர்கள் கவனிக்கவில்லையா, இன்றுவரை தெரியாது. அதன் பிறகும் வருஷா வருஷம் விசாவுக்கு அலையும் அந்த நடை ஓயவில்லை. கடைசியில் குடியுரிமை கிடைத்து, பழைய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அழுதீர்கள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அண்ணன் ஊரெல்லாம் சொன்னான். பாதிதான் சந்தோஷம் என்று எனக்குத் தெரியும்.

உங்களிடமிருந்து எனக்கு வந்த பழக்கம் ஒன்று உண்டு மைனி. டிவியில் விளையாட்டுப் போட்டி முடிந்து, ஜெயித்தவனின் நாட்டுப் பாட்டைப் போடுவார்கள். முட்டுவலியோடு நான் எழுந்து நிற்பேன். தலை நரைத்த என் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "அம்மா, அது எந்த நாடுன்னாவது தெரியுமா?"

தெரியாது. அந்த ஊர்க்காரி ஒருத்தி பிள்ளையோடு எங்கேயாவது போய், வாய் திறக்கப் பயந்து இருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். பாட்டு முடிகிறவரை உட்காருவதில்லை.